இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்திய வரலாறு: ஒரு மதிப்பீடு

கலைக்களஞ்சியம் என்னும் சொல் நம் காதில் விழுந்தவுடன் நினைவுக்கு வருவன, ஊர் நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் தடித்த அட்டையுடன் வரிசையாய் நின்ற பத்துத் தொகுதிகளே. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட தொகுதிகள் அவை. அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல நூலகர் இசையமாட்டார். அங்கேயே அமர்ந்து, வேண்டியதைக் கையால் எழுதிக்கொண்டு வரவேண்டும். எழுதும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடும்.

இன்று தில்லியில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. பள்ளியில் இந்திய வரலாறு பற்றி ஒப்படைப்பு எழுதிவரச் சொன்னால், கைப்பேசியில் இரண்டு சொற்களைத் தட்டுகின்றனர். விக்கிப்பீடியாவின் கட்டுரை வந்து நிற்கிறது. 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தொடங்கி, 2003இல் தமிழிலும் தோன்றிய இக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்பில் மட்டும் இப்போது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதியவர் ஊதியம் பெறுவதில்லை. படிப்பவர் விலை கொடுப்பதில்லை. இத்தகைய அறிவுக் கொடையைக் குறைகூறுதல் நன்றி மறத்தல் ஆகாதோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஆகாது என்பதே நம் எண்ணம். ஒரு நூல் ஆயிரம் படிகள் விற்றால் அதற்குத் திறனாய்வு எழுதுகிறோம். நாடு முழுதும் மாணவர் படியெடுக்கும் ஒரு கட்டுரைக்கு, ஆசிரியர் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்தால், மதிப்புரை எழுதுவார் இல்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கவே இம்மலரில் சில பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குக் கட்டுரையில் ஒரு செய்தி விடுபட்டால் பெரிய இழப்பு இல்லை. தஞ்சைக் கோபுரம் பேருந்திலிருந்தே கண்ணில் படும். இங்குப் பிறந்து வளரும் பிள்ளைக்குக் கண்ணில் படுவன குதுப்மினாரும் செங்கோட்டையும். பாடநூல் ஒன்று சொல்கிறது. கோடை விடுமுறையில் சந்திக்கும் தாத்தா வேறொன்று சொல்கிறார். இரண்டில் எது மெய் என்று அறிய அப்பிள்ளை நாடும் நடுவர் இந்தக் கட்டுரைதான். நடுவரின் தகுதியை ஆராய்வது பெற்றோராகிய நம் கடமை அன்றோ?

எந்த அளவுகோலால் அளப்பது? அக்களஞ்சியமே தன் சிறப்புக் கட்டுரைகளுக்குச் சில இலக்கணங்களை வகுத்துக்கொண்டுள்ளது. நடை நன்றாக இருத்தல் வேண்டும், பொருள் முழுமை பெறவேண்டும், சான்று வலிமையாக அமையவேண்டும், நடுநிலை பிறழலாகாது, நாள்தோறும் சண்டையில் மாறிக்கொண்டிராமல் நிலைபெற்றிருக்க வேண்டும். இவற்றில் நமக்குக் குறை இல்லை. ஆயினும் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு பழகிய நமக்கு இன்னும் எளியதோர் அளவுகோல் கையில் இருக்கிறது. கோப்பின் ஒரு பக்கம் குறிப்பு, மறுபக்கம் கடிதங்கள். குறிப்பில் எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும், அது கடிதப் பகுதியில் எத்தனையாம் பக்கத்தில் உள்ளது என்று ஓரத்தில் எண்ணிட வேண்டும். எண் இல்லாத கூற்றை மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தமிழ் விக்கிப்பீடியாவில் ஐயத்துக்குரிய வரிகளின் அருகே ‘சான்று தேவை’ என்று குறியிட்டிருப்பதைக் கண்டபோது, நம் பிரிவு அலுவலரையே அங்குக் கண்டதுபோல் இருந்தது.

இனிக் கட்டுரைக்கு வருவோம். ஆங்கிலத்தில் உள்ள இந்திய வரலாற்றுக் கட்டுரையை இரண்டு வார மாலைகளில் முழுதும் படித்தோம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் இத்துணைக்கண்டத்துக்கு வந்தது தொடங்கி, சிந்துவெளி, வேதகாலம், மகாஜனபதங்கள், மோரியர், குப்தர், தில்லி சுல்தான்கள், முகலாயர், கும்பினி, 1947 என்று அது நடைபோடுகிறது. உழைப்பு பெரிது. தென்னாட்டைப் புறக்கணித்தது என்றும் சொல்ல இயலாது. சங்ககாலத்துக்கும் சோழருக்கும் விசயநகரத்துக்கும் தனித்தனித் தலைப்புகள் உள்ளன. பின் குறை எங்கே?

குறை அந்தத் தனித் தலைப்பிலேயே இருக்கிறது. கங்கைக்கரை வரலாறு கதைபோல் தொடர்ந்து செல்கிறது. ஒரு பேரரசு வீழ, அடுத்தது எழுகிறது. தென்னாட்டு வரலாறோ பெட்டிகளில் அடைக்கப்பட்டு, அக்கதையின் இருமருங்கும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் இருப்பதற்கும் கதைக்கும் தொடர்பு தெரிவதில்லை.

இந்த அமைப்பு இக்கட்டுரையாளர்கள் கண்டுபிடித்ததன்று. 1817இல் ஜேம்ஸ் மில் தம் ‘பிரிட்டிஷ் இந்திய வரலாறு’ நூலை வெளியிட்டார். இந்தியாவில் ஒருநாளும் கால் வைத்தறியாத அப்பெருமகனார், நம் வரலாற்றை இந்துக் காலம், முகமதியர் காலம், ஆங்கிலேயர் காலம் என மூன்றாகப் பிளந்தார். பின்வந்தோர் அப்பெயர்களுக்கு வெட்கப்பட்டுப் பண்டைக்காலம், இடைக்காலம், தற்காலம் என்று மாற்றினர். பெயர்தான் மாறியது, வெட்டிய இடம் பெரும்பாலும் அதுவே. 1206இல் தில்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியது வடபுலத்துக்கு ஒரு திருப்பம். அவ்வாண்டில் காவிரிக்கரையில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்தான். அங்கு எந்தக் காலமும் முடியவில்லை, எந்தக் காலமும் தொடங்கவில்லை. மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை, இந்திய வரலாற்றை ஆராய்வோர் கங்கைச் சமவெளியில் தொடங்காமல் கிருஷ்ணை, காவிரி, வைகைக் கரைகளில் தொடங்குதல் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூறினார். வின்சென்ட் சுமித் அதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டவும் செய்தார். எடுத்துக்காட்டியபின் வடக்கிலிருந்தே தொடங்கினார்!

நாம் வேண்டுவது தெற்கிலிருந்து தொடங்கும் கட்டுரை அன்று. பெட்டிகளைத் திறந்து, உள்ளிருப்பதைக் கதையோடு சேர்க்கும் கட்டுரை. ஏழாம் நூற்றாண்டைப் பாருங்கள். ஹர்ஷர் கன்னோசியில் ஆண்டார் என்பது ஒரு பத்தி. சாளுக்கியர் என்பது வேறொரு பெட்டி. பல்லவர் என்பது மூன்றாவது. ஆனால் நிகழ்ந்தது என்ன? ஹர்ஷரை நருமதைக்குத் தெற்கே வரவிடாமல் தடுத்தவன் இரண்டாம் புலிகேசி. ஐஹோளேயில் உள்ள 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவ்வெற்றியைப் பாடுகிறது. அதே புலிகேசியை வென்று, 642இல் வாதாபியைக் கைப்பற்றினான் முதலாம் நரசிம்மவர்மன். வாதாபிப் பாறையில் அவன் கல்வெட்டு உள்ளது. அப்படையெடுப்பில் சென்ற பரஞ்சோதியாரைச் சிறுத்தொண்டராகப் பெரியபுராணம் போற்றுகிறது. அக்காலத்தே இந்நாட்டில் பயணம் செய்த யுவான் சுவாங் மூவர் நாடுகளையும் பற்றி எழுதிவைத்தார். கன்னோசி, வாதாபி, காஞ்சி மூன்றும் ஒரே கதையின் மூன்று இயல்கள். நான்கு வாக்கியங்களில் எழுதிவிடலாம். அந்நான்கு வாக்கியங்கள் இருந்தால் தில்லியில் படிக்கும் நம் பிள்ளை, காஞ்சிபுரம் பட்டுப்புடவைக்கு மட்டும் உரிய ஊர் அன்று என்பதை அறிந்துகொள்ளும்.

இதனினும் அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில், தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு குடியினரையும் குறிக்கிறார். சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் வழக்காகவே கிடந்தது. ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்னும் சிற்றூரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று அது கூறுகிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என நாம் பள்ளியில் படித்த அதியமானின் குடியும், பாடலிபுத்திரத்துப் பேரரசர் கல்லில் பொறித்த குடியும் ஒன்றே என அந்த ஒரு வரி காட்டிவிட்டது. வடவர் கல்வெட்டும் தென்னவர் கல்வெட்டும் சங்கப் பாடலும் கைகோத்து நிற்கும் இடம் இது. தேச வரலாறு என்று பெயர் சூடிய கட்டுரையில் இதைவிடத் தகுதி வாய்ந்த வாக்கியம் வேறென்ன இருக்க முடியும்? அசோகரைப் பற்றிய பத்தியிலேயே இது இடம்பெற வேண்டும். சங்ககாலப் பெட்டிக்குள் அன்று.

சான்றுகளைப் பற்றிச் சிறிது. அடிக்குறிப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. அறுநூறு பக்க நூலின் பெயரை மட்டும் கொடுத்துப் பக்க எண்ணை விட்டுவிடும் குறிப்பு, சான்றுபோல் வேடமிட்ட ஒன்றே. நாளிதழ்ச் செய்தியை ஆதாரமாகக் கொடுக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. களஞ்சியத்தில் ஒருவர் ஆதாரமின்றி எழுதுகிறார். அதைப் பார்த்து இதழாளர் ஒருவர் செய்தி எழுதுகிறார். பின்னர் அச்செய்தியே களஞ்சியத்தில் ஆதாரமாய் ஏறுகிறது. நம் அலுவலகங்களில் இது பழைய கதை. பழைய குறிப்பைப் பார்த்துப் புதிய குறிப்பு, அதைப் பார்த்து அடுத்தது என்று வளர்ந்து, முதல் கடிதம் எங்கே என்று தேடினால் கோப்பில் அப்படியொரு கடிதமே இராது.

இதுவரை பிறர் குறையே பேசினோம். நம் குறையையும் சொல்லிவிடுதல் நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன், சோழர் ஆட்சிமுறை பற்றி அக்களஞ்சியத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தோம். உத்திரமேரூரில் குடவோலை முறையில் நடந்ததே உலகின் முதல் மக்களாட்சி என்பது அவ்வாக்கியம். சங்க மேடைகளில் பலமுறை கேட்டது. ஐயம் எழவே இல்லை. மறுநாள் காலை பார்த்தால் வாக்கியம் நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் யாரோ, பெயர் தெரியாத ஒருவர். காரணமாக, ஆதாரம் இல்லை. கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை என்று சுருக்கமாக எழுதியிருந்தார். நமக்குப் பெருஞ்சினம். தமிழன் பெருமையைப் பொறுக்காதவர் செயல் என்றே முடிவு செய்தோம். அவ்வாக்கியத்தை மீண்டும் சேர்த்தோம்; மீண்டும் நீக்கப்பட்டது. ஆதாரத்தோடு வருகிறோம் என்று சூளுரைத்து, ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குச் சென்று, தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையை எடுக்கச் செய்தோம். வெங்கையா அதில்தான் அக்கல்வெட்டுகளைப் பதிப்பித்து விளக்கினார்.

படிக்கப் படிக்க நம் சினம் தணிந்தது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள அக்கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. கி.பி. 919, 921 எனக் கொள்வர். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஓராண்டுக்கு ஆள் அமர்த்தினர். இது உண்மை. ஆனால் தகுதி யாருக்கு? கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணரின் சதுர்வேதிமங்கலத்துச் சபை. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்டிருக்கும் குடத்தில் ஓலை இல்லை. இதனை மக்களாட்சி என்று எழுதினால், நீக்கியவர் கையைக் குற்றம் சொல்வதற்கில்லை.

அதே கல்வெட்டில், நாம் மேடையில் கேட்டறியாத ஒரு விதி இருந்தது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர்! பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் கணக்குத் தணிக்கைக்கு இத்தகைய ஆணை. மேலும், முதல் விதியில் குறை கண்டு இரண்டே ஆண்டுகளில் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆணைகளும் திருத்த ஆணைகளும் நம் அன்றாட உணவு. ஆகவே அந்தப் பக்கங்களைப் படித்தபோது எழுந்த உவகையைச் சொல்லி முடியாது. பொய்யான பெருமை ஒன்றைக் கைவிட்டதற்கு ஈடாக மெய்யான வியப்பு ஒன்று கிடைத்தது. நிபந்தனைகளையும் கணக்கு விதியையும் சேர்த்து, அறிக்கையின் பக்க எண்ணோடு புதிதாக எழுதினோம். அது நீக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம்மவர் எழுதுவனவற்றையும் அதே கண்ணோடு படிக்கத் தொடங்கினோம். இராசேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் தஞ்சைக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. அது வியத்தகு செயலே. அதற்காகச் சுமத்திராவையும் மலாய் நாட்டையும் சோழ நாட்டின் நிறத்திலேயே தீட்டும் வரைபடங்கள், கல்வெட்டு சொல்லாததைச் சொல்கின்றன. படையெடுத்தல் வேறு, ஆளுதல் வேறு. கீழடியைப் பற்றியும் அவ்வாறே. மாநிலத் தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்னும் காலத்தைக் கொடுத்தது. ‘ஒரு மாதிரி’, ‘இந்த ஆழம்’ என்னும் சொற்களைச் சேர்த்து எழுதினால் அது வரலாறு. அவற்றை நீக்கிவிட்டு எழுதினால் சுவரொட்டி. குப்தர் காலத்தைப் ‘பொற்காலம்’ என்று எழுதுவோரிடம் எவருக்குப் பொற்காலம் என்று கேட்கும் உரிமை, நம் பொற்காலத்தையும் அவ்வாறே கேட்டுப் பார்த்தவருக்குத்தான் உண்டு.

பெயரிடுதலில் எழும் தகராறு தனி இயலாக விரியத் தக்கது. 1857இல் நடந்ததை ஆங்கிலேயர் சிப்பாய்க் கலகம் என்றனர். 1909இல் சாவர்க்கர் விடுதலைப் போர் என்றார். நூற்றாண்டு நிறைவில், 1957இல், ஆர்.சி. மஜும்தாரும் சுரேந்திரநாத் சென்னும் தனித்தனியே நூல் எழுதி, அப்பெயரை அப்படியே ஏற்கத் தயங்கினர். இதற்கிடையில் நாம் எழுந்து, 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழவில்லையா என்கிறோம். அதற்கும் முன்னே 1801இல் மருது சகோதரர்கள் ஜம்புத்தீவத்து மக்களுக்கெல்லாம் பறையறைந்த அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்படவில்லையா என்கிறோம். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் அக்கிளர்ச்சி பற்றி எழுதிய ஆங்கில நூலின் துணைத்தலைப்பே ‘முதல் விடுதலைப் போர்’ என்பதாகும். ஒரிசா அன்பரைக் கேட்டால் 1817இல் எழுந்த பைக்கர்களைச் சொல்வார். ஒவ்வொருவரிடமும் ஒரு ‘முதல்’ இருக்கிறது. களஞ்சியக் கட்டுரை இவற்றுள் ஒன்றுக்குப் பரிசு வழங்க வேண்டியதில்லை. யார், எப்போது, எதனால் எப்பெயரை இட்டார் என்று சொன்னால் போதும். ஆனால் 1857க்கு முந்தைய அரைநூற்றாண்டுக் கிளர்ச்சிகளை ஒற்றை வாக்கியத்தில் கடந்து செல்லும் கட்டுரையை முழுமையானது என்று நாம் ஒப்ப மாட்டோம். மருதுவின் அறிக்கை ஒரு பாளையத்துக்கு மட்டும் விடுத்ததன்று. நாடு முழுமையையும் விளித்தது. தேச வரலாற்றில் அதற்கு இடமில்லையெனில் வேறெங்கே இடம்?

பலர் கூடி வரலாறு எழுதினால் சண்டைதானே மிஞ்சும் என்று கருதுவோர் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். விடுதலைக்குப் பின் நடுவண் அரசு, விடுதலை இயக்க வரலாற்றை எழுதுவிக்கக் குழு அமைத்தது. அதில் இருந்த மஜும்தாருக்கும் குழுவினருக்கும் கருத்து ஒவ்வவில்லை. அவர் விலகிச் சென்று மூன்று தொகுதிகளைத் தாமே எழுதி 1962-63இல் வெளியிட்டார். அரசின் சார்பில் தாரா சந்த் எழுதிய நான்கு தொகுதிகள் 1961 முதல் 1972 வரை வெளிவந்தன. இரண்டு வரிசைகளும் அருகருகே அலமாரியில் உள்ளன. குழுவின் அறைக்குள் நடந்த உரையாடல் நமக்கு எட்டுவதில்லை. இணையக் களஞ்சியத்திலோ ஒவ்வொரு சொல்லையும் யார் எப்போது சேர்த்தார், யார் எப்போது நீக்கினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. கட்டுரைக்குப் பின்னே உரையாடல் பக்கம் ஒன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு நாம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். அரசர் பெயர்களைவிட, அப்பெயர்களைப் பற்றிப் படித்தவர்கள் எவ்வாறு வழக்காடினர் என்பதே அவர்களுக்கு நெடுநாள் பயன்படும்.

தமிழில் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி பெயர்த்தால், அதன் பெட்டிகளும் உடன் வந்துவிடும். கல்வெட்டைத் தாய்மொழியிலேயே படிக்க வல்லவர்கள், பிறர் அதைப் பற்றி எழுதிய சுருக்கத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது வீண் சுற்று. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் தலைநகர் நூலகங்களிலும் உள்ளன. பெரும்பாலும் தூசியோடு உள்ளன.

ஜம்பைக் கல்வெட்டு பற்றிய வாக்கியத்தை அசோகர் பத்தியில் சேர்க்க வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் எழுதியுள்ளோம். ஒருவர் ஆதரித்தார், ஒருவர் இடம் போதாது என்றார். வாதாபி பற்றிய நான்கு வாக்கியங்கள் வரைவாக நம் மேசைமேல் இருக்கின்றன. மூன்றுக்குப் பக்க எண் கிடைத்துவிட்டது. நான்காவதற்காக வரும் சனிக்கிழமை மீண்டும் நூலகம் செல்லவேண்டும்.